உலக்கையைத் திட்டாதீங்க... நாளைக்கும் நிறுத்திப் பாருங்க!

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலை. கோவை, திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் வளைய சூரிய கிரகணம். சூரியன் தகதகவென்று மோதிரம் மாதிரி மூன்று நிமிடம் போல வானத்தில் நின்றது. அன்றைக்குப் பல வீடுகளில் இன்னொன்றும் நின்றது. உலக்கை!

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை வைத்தால் கிரகணம் விடும்வரை விழாமல் நிற்குமாம். நிஜமாகவே நின்றது. படமும் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

உடனே கிளம்பிவிட்டது படித்தவர் கூட்டம். "மூடநம்பிக்கை!", "இந்தக் காலத்திலுமா?", "இவங்களெல்லாம் எப்பத்தான் திருந்துவாங்களோ..." என்று ஒரே அர்ச்சனை. பலன்? பூஜ்யம். உலக்கை நின்றதைக் கண்ணால் பார்த்த பாட்டியிடம் போய் "அதெல்லாம் பொய்" என்றால் எப்படி நம்புவார்? இரண்டு பேரில் சோதனை செய்து பார்த்தவர் அவர்தானே! திட்டியவர் உலக்கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

உண்மையில் உலக்கை நின்றது பொய்யே இல்லை. அடிப்பாகம் தட்டையாக இருந்து, ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே வரும் கோடு அந்த அடிக்குள் விழுந்தால் போதும், உலக்கை நிற்கும். கொஞ்சம் பொறுமையும் நடுங்காத கையும் வேண்டும், அவ்வளவுதான். பௌர்ணமியிலும் நிற்கும், ஒன்றுமே இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். வியாழக்கிழமை நிறுத்தியவர்களில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமையும் நிறுத்திப் பார்த்தார்கள்? "பாட்டி, நாளைக்கும் ஒருவாட்டி நிறுத்துவோமா?" என்று ஒரு பேரன் கேட்டிருந்தால் போதுமே. நூறு கண்டனக் கட்டுரை செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்திருக்கும்.

"அறிவியல் என்ன விளையாட்டுச் சாமானா? அதன் மரியாதை என்ன ஆவது?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். மைக்கேல் ஃபாரடேயைவிடப் பெரியவர்களா இவர்கள்? 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களை உட்கார வைத்து, ஒரேயொரு மெழுகுவர்த்தியைக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார் மனிதர். அவர் மரியாதை குறைந்தா போயிற்று? ஆந்த்ரே கெய்ம் காந்தப் புலத்தில் தவளையை மிதக்கவிட்டு 2000-ல் சிரிப்புக்கென்றே கொடுக்கப்படும் 'இக் நோபல்' வாங்கினார். அதே ஆள் 2010-ல் நிஜ நோபலும் வாங்கினார், கிராஃபீனுக்காக. அதைப் பிரித்தெடுக்க உதவியது சாதாரண ஒட்டு டேப்! விளையாட்டு என்பது அறிவியலுக்கு மேலே தடவும் தேன் இல்லை ஐயா, அதுவே அறிவியல்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மேடையில் ஒருவர் வித்தை காட்ட, மற்றவர்கள் வாயைப் பிளந்து கைதட்டினால் அதற்குப் பெயர் மேஜிக் ஷோ. பார்ப்பவர் கையில் பொருள் இருக்க வேண்டும். அதே 2019 காலையில் மரத்தடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சமெல்லாம் குட்டிக் குட்டி வளையங்கள்! சமையலறைச் சல்லடையை வெயிலில் பிடித்தாலும் அதே வேடிக்கைதான். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கேமரா. செலவு? சல்லடை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, ஆக பைசா கிடையாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவர்கள் தெருவில் இறங்கி இந்த மாதிரி வேலையைத்தான் பல வருடங்களாகச் செய்கிறார்கள். டிவியில் ஜோசியரும் பகுத்தறிவாளரும் ஒருவரை ஒருவர் கத்துவதைவிட இது எவ்வளவோ மேல். (சூரியனை வெறும் கண்ணால் பார்ப்பது மட்டும் விளையாட்டில் சேராது. சல்லடையைப் பிடித்துவிட்டுத் தரையைத்தான் பார்க்க வேண்டும்!)

2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை, மாலையில் தமிழ்நாட்டில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். அன்றைக்கும் உலக்கை நிற்கத்தான் போகிறது, திட்டவும் ஆள் வரத்தான் போகிறது. திட்டுவதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள். ஆகஸ்ட் 1 அன்று ஒருமுறை நிறுத்துங்கள், 2 அன்று ஒருமுறை, 3 அன்று ஒருமுறை. மூன்று நாளும் பாட்டி கையாலேயே!

தீர்ப்பைப் பாட்டியே சொல்லட்டும்.