பில்லருக்கு எத்தனை நாள் தண்ணீர்?

கான்கிரீட் காய்ந்துதான் இறுகுதுன்னு நினைக்கிறோம். இல்லை, சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும். ஈரம் போயிட்டா அந்த வேலை பாதியில் நின்னுடும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு (சேனல் இல்லைங்க, மூட்டையைப் பாருங்க) குறைந்தது 10 நாள் ஈரம் வேணும், 14 நாள் நல்லது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456.

மொட்டை மாடிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துறாங்க. பில்லருக்கு? காலையில் ஒருமுறை ஹோஸ் பிடிச்சா, மதியத்துக்குள் காஞ்சிடுது. ஈரச் சாக்கு சுத்தணும். ஆனா கலக்கும்போது மட்டும், இளக்கமா இருக்கட்டும்னு தாராளமா ஊத்துறாங்க! அந்த உபரித் தண்ணீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுப்போகும். சென்னை மாதிரி கடலோரத்தில் உப்பு அதன் வழியாத்தான் கம்பியைத் தொடும்.

ஒப்பந்தத்தில் டைல்ஸ் பிராண்டு வரை எழுதுறோம். க்யூரிங் எத்தனை நாள், தண்ணீர் லாரிக் காசு யாருடையதுன்னு ஒரு வரி இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே அதை எழுதி வாங்குங்க.