மீட்டர் யாருடைய பெயரில்?

தோட்டங்களுக்கு மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தச் சங்கத்தில் யார் அங்கத்தவர் என்ற கேள்விக்கு வந்தவுடன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.

அவர்கள் காட்டும் உதாரணம் அமெரிக்கா. 1935இல் அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பனிகள் கைவிரித்தன. (கட்டுப்படியாகாது! சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் கேட்காத வார்த்தையா?) அந்த ஆண்டு மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராமிய மின்மயமாக்கலுக்கென ஒரு நிர்வாகத்தை அமைத்தார். 1936இல் சட்டம் வந்தது. அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. விவசாயிகள் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார்கள். எவ்வளவு மின்சாரம் எரித்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. செலவு போக மிஞ்சியது அங்கத்தவர் பெயரில் வரவு வைக்கப்பட்டு, பிற்பாடு அவர்களுக்கே திரும்பியது. இன்று ஏறக்குறைய 900 சங்கங்கள் 4 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு மின்சாரம் கொடுக்கின்றன. தோட்டத்து ஆட்களுக்குச் சங்கக் கணக்குப் பார்க்க வராது என்று சொல்கிறவர்கள், நம் மரண உதவிச் சங்கங்களின் கொப்பிகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

இதே கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் விளைச்சலில் பங்குக்கு உழைத்த குடும்பங்களுக்கு, அவர்களில் பெருந்தொகையினர் கறுப்பின மக்கள், இருந்த வீடு சொந்தமில்லை. வீட்டுக்குள் வயர் இழுக்க நிலச் சொந்தக்காரனின் சம்மதம் வேண்டும். கூலிக்காரன் குடிசைக்கு அவன் ஏன் செலவழிக்கப் போகிறான்? வீதியில் கூட்டுறவின் கம்பி போனது. பல குடிசைகளில் மண்ணெண்ணெய் விளக்கே தொடர்ந்து எரிந்தது.

தோழர்களே, இது யாருடைய கதை? லயத்துக் காம்பராவுக்கு மீட்டர் கேட்டால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டு வா என்கிறார்கள். துரையைப் பார்க்கப் போனால் இன்று போய் நாளை வா. நான் படிப்பிக்கும் பிள்ளைகள் சிலர் நாலு குடும்பத்துக்கு ஒரு மீட்டர் உள்ள லயத்திலிருந்து வருகிறார்கள். 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒரு விலை, அதைத் தாண்டினால் கூடின விலை. குடும்பத்துக்கு 40 அலகு எரித்தாலும் அந்த மீட்டரில் 160 விழும். நாலு ஏழைகள் சேர்ந்து காகிதத்தில் ஒரு பணக்காரன் ஆகிவிடுகிறார்கள்! இவர்களைத்தான் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். எந்த மீட்டரைக் காட்டிச் சேர்வது?

நம் நாட்டிலேயே பார்க்கலாம். சப்ரகமுவவில் கம்பி போகாத கிராமங்கள் மின் பாவனையாளர் சங்கம் அமைத்தன. சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, ஓடைத் தண்ணீரில் சிறு நிலையங்களை ஓட்டின. அவர்களுக்குக் காலடியில் நிலம் இருந்தது. நம் மலைகளிலும் ஓடைகள் உண்டு; அந்தத் தண்ணீரில் தனியார் கம்பனிகள் மின்சாரம் எடுத்து மின்சார சபைக்கு விற்றுவந்தன. லயத்துக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பிறகு சபையின் கம்பி கிராமங்களுக்கு வந்ததும் அந்தச் சிறு நிலையங்கள் பல கைவிடப்பட்டன.

ஆகவே தேசியக் கட்டமைப்பை ஒதுக்கிவிட்டுத் தனியாக வாழலாம் என்பதும் சரிவராது. வரட்சியில் ஓடை வற்றும். கட்டமைப்பில் எரிக்கும் அளவும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக நிற்க வேண்டும்; தவறினால் என்னாகும் என்பதை 2025 பெப்ரவரி 9இல் பார்த்தோம். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது, நாடே இருண்டது. கூட்டுறவும் இதிலிருந்து தப்பாது. 2021 பெப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சஸ் மாநிலக் கட்டமைப்பு தடுமாறி, மின்சாரத்தின் மொத்த விலை தலைக்கு மேலே போனது. 16 சங்கங்களுக்குச் சொந்தமான பிராசோஸ் கூட்டுறவுக்குச் சில நாட்களிலேயே 200 கோடி டொலர் அளவில் பில் வந்தது. மார்ச் 1ஆம் திகதி அது வங்குரோத்து மனு போட்டது. விலை போடும் இடத்தில் அங்கத்தவருக்குக் குரல் இல்லாவிட்டால் இப்படித்தான்.

நமக்கு அந்த இடம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணத்தை மாற்றும்போது அது பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் சொல்லலாம். அடுத்த முறை நாம் வெறுங்கையோடு போகக் கூடாது. எத்தனை காம்பராவுக்கு எத்தனை மீட்டர், கடிதம் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தத் திகதியில் கேட்டார்கள் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாக எழுதி மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கடிதமில்லாமல் காம்பராவுக்கு ஒரு மீட்டர், வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி. கூட்டுறவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.