கடையிலே கதைப்பதும் பொலிஸாரிடம் சொல்வதும்

ஸ்காபரோவில் எம்மவர் நடத்தும் உணவகம் எதிலேனும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவருக்குப் பத்திரிகை வாசிக்க வேண்டிய தேவை பெரிதாக ஏற்படாது. பிளேன்ரீ வருவதற்கிடையில் ஒட்டாவா அரசியல் அலசப்பட்டுவிடும். ரோல்ஸ் வருவதற்கிடையில் வீட்டு விலையும் வட்டி வீதமும், அடுத்த மாதம் வரவிருக்கும் படத்தின் கதையும் முடிந்துவிடும். கொத்துரொட்டித் தட்டு வெறுமையாகும் வேளையில், முந்திய வாரம் அயலில் களவுபோன வாகனம் பற்றிய விசாரணையும் முற்றுப்பெற்றுவிடும். எந்த நிறக் கார் வந்து நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, வந்தவன் எவருடைய மகனோடு திரிபவன் என்பதெல்லாம் அங்கே வெளிவரும். பொலிஸார் மாதக்கணக்கில் தேடுவதை எமது மேசைகள் அரை மணி நேரத்தில் துலக்கிவிடுகின்றன. பின்னர் "எங்களுக்கேன் தேவையில்லாத வேலை" என்ற ஒரே வசனத்துடன் அத்தனையும் எச்சில் தட்டுகளோடு அங்கேயே விடப்படுகின்றன.

இந்த ஒரு வசனத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம்.

கேளிக்கையிலிருந்தே தொடங்குவோம். 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், "மலைக்கோட்டை வாலிபன்" என்ற மலையாளப் படம் வெளிவரவிருந்த வேளையில், ரொறன்ரோ பெரும்பாகத்தில் நான்கு திரையரங்குகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடத்தப்பட்டது. சினிபிளெக்ஸ் நிறுவனம் அப்படத்தை நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டுகளிலும் தென்னிந்தியப் படங்கள் ஓடிய அரங்குகளில் திரைகள் கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தன. 2025 செப்டெம்பர் இறுதியில் ஓக்வில் நகரத் திரையரங்கு ஒன்றிற்குத் தீ வைக்க முயன்றார்கள். ஒரு வாரம் செல்வதற்குள் அதே அரங்கின் வாயிலில் சுட்டார்கள். அந்த அரங்கும் தான் திரையிட்டுக்கொண்டிருந்த இந்தியப் படங்களை நிறுத்துவதாக அறிவித்தது. பனியிலும் குளிரிலும் இரண்டு வேலை செய்து, வார இறுதியில் குடும்பத்தோடு ஒரு படம் பார்ப்பதே பலருக்கு எஞ்சியிருக்கும் இன்பம். அதையும் எவனோ ஒருவன் இருளில் வந்து பறித்துச் செல்கின்றான்.

இச்சம்பவங்கள் ஒவ்வொன்றுக்கும் எமது மேசைகளில் காரணமும் சொல்லப்பட்டது, ஆட்களின் பெயரும் சொல்லப்பட்டது. அவற்றை நாம் இங்கே அச்சிடப்போவதில்லை. ஏனெனில் அவற்றுள் பாதிக்கு மேல் வதந்தி. மேசைக் கதைக்கு ஒரு வசதி உண்டு. அதற்குச் சொன்னவர் பொறுப்பாளியல்லர். குற்றமற்ற ஒரு பொடியனின் பெயர் மூன்று கடைகளைச் சுற்றி வந்தால் அவனுக்கு வேலையும் போகும், பேசி வைத்த சம்பந்தமும் போகும். அதேவேளை மீதிப் பாதியில் உண்மை இருந்தால், அந்த உண்மை எவருக்கும் பயன்படாமல் போகின்றது.

இது புதிய வழக்கமன்று. தொண்ணூறுகளில் எமது இளைஞர் குழுக்கள் வாளோடும் துப்பாக்கியோடும் ஒன்றையொன்று துரத்திய காலத்தில், யார் எந்தக் குழு என்பது கடைக்காரர் முதல் கணக்கு வாத்தியார் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொன்னவர் மிகச் சிலர். 2001 ஒக்டோபரில் "புரொஜெக்ற் 1050" என்ற பெயரில் ரொறன்ரோ பொலிஸார் ஒரே நடவடிக்கையில் பெருந்தொகையான தமிழ் இளைஞர்களைக் கைதுசெய்தனர். அவர்களைத் தொலைக்காட்சியில் கண்ட கனடியர்களுக்குத் தமிழன் என்றாலே குழுச்சண்டைக்காரன் என்றாயிற்று. ஓர் இரவில் ஒரு சமூகத்துக்கே பெயர் சூட்டப்பட்டது.

எமது மௌனத்தைப் பழிக்குமுன் அது எங்கே பிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் விட்டு வந்த மண்ணில் பொலிஸ் நிலையத்துக்குப் போவது என்பது முறைப்பாடு கொடுக்கப் போவதன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அங்கே தீ மூட்டியவர்களுள் சீருடை அணிந்தவர்களும் இருந்தார்கள் என்பதை எமது பெற்றோர் மறக்கவில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலுள்ள ஓர் அதிகாரியிடம் சொல்லப்பட்ட வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கச் செய்தது. அந்த வாக்குமூலங்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை விவரிக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டபோது, முகத்தை மூடிய தலையாட்டி ஒருமுறை தலையசைத்தால் போதும், ஒரு பிள்ளை வீடு திரும்பாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பினர். அத்தகைய நாட்டிலிருந்து வந்தவரிடம் "கண்டதைச் சொல்" என்றால், காட்டிக் கொடுக்கச் சொல்வதாகவே அவருக்குக் கேட்கும். சாட்சி சொல்வதற்கும் தலையாட்டுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விமானப் பயணத்தில் விளங்கிவிடாது.

போதாததற்குச் சினிமாவும் எமக்குப் பொலிஸைக் கற்பித்தது. "தங்கப்பதக்கம்" காலத்துக் கடமை தவறாத அதிகாரியிலிருந்து "காக்க காக்க", "சாமி", "சிங்கம்" வரை, நீதிமன்றத்தை நம்பாமல் தானே தீர்ப்பெழுதும் காவலருக்கு ஸ்காபரோ அரங்குகளிலும் விசில் பறந்தது. பின்னர் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டு மாண்ட செய்தி வந்தபோது அதே மேசைகளில் கண்ணீர் வந்தது. திரையில் கைதட்டியதையும் செய்தியில் கலங்கியதையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அது நிற்க.

இனி, இவ்வளவும் எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றோம். 2010 ஆகஸ்ட் மாதத்தில் 492 பேருடன் "சன் சீ" கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் வந்தவர்களுள் ஒருவரின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நாடு கடத்தப்படலாம் என்ற நிலையில் அவர் ரொறன்ரோவில் வேலை செய்து வாழ்ந்துவந்தார். 2016இன் தொடக்கத்தில் அவருடைய குரல் நின்றுபோயிற்று. பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று எங்கோ ஒளிந்திருக்கின்றார் என்றே அவரை அறிந்தவர்கள் நினைத்தார்கள். காணாமற்போனவராக அவரை எவரும் பொலிஸில் பதிவு செய்யவில்லை. 2018 மார்ச்சில், இறந்த ஒருவரின் படத்தை வெளியிட்டு "இவர் யார்?" என்று பொலிஸார் கேட்கும் நிலை வந்தது. அடுத்த மாதமே அவர் யாரென்பது உறுதியாயிற்று. எட்டு ஆண்களைக் கொன்ற புரூஸ் மக்கார்தர் என்பவனின் கைகளில் அவர் மாண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாக அவர் இல்லை என்பதை இந்த நகரில் எந்த ஏடும் அறியவில்லை.

அக்கொலைகளுக்குப் பலியானவர்களுள் இன்னொரு தமிழரும் இருந்தார். அவர் 2010இல் காணாமற்போனார். அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் வாய் திறந்தார்கள், சேர்ச் வீதிப் பகுதியில் படம் ஒட்டித் தேடினார்கள். அவரையும் காணாமற்போன வேறு இரு ஆப்கானியரையும் தேட 2012இல் பொலிஸார் "புரொஜெக்ற் ஹூஸ்ரன்" என்ற விசாரணையைத் தொடங்கி, 2014இல் பயனின்றி மூடினர். கொலைகாரனையே 2013இல் ஒருமுறையும் 2016இல் மறுமுறையும் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். 2017 டிசம்பரில் பொலிஸ் அதிபர், தொடர்கொலைகாரன் ஒருவன் இருப்பதற்குச் சான்றில்லை என்றார். ஆறு வாரங்களில் கைது நடந்தது. அதன் பின்னும், எவரும் எமக்கு வந்து தகவல் சொல்லவில்லை என்ற பொருள்பட அவர் கூறியது, ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் களைத்தவர்களைக் கொதிக்க வைத்தது. நியாயமான கொதிப்பு. ஒருபால் விருப்பினர் என்ற காரணத்தாலும் நிறத்தாலும் அவர்களுடைய உயிருக்கு மதிப்புக் குறைந்ததோ என்று அவர்கள் கேட்டார்கள். எமது சமூகத்தில் அந்தக் காரணத்துக்காகவே தம் நண்பரைப் பற்றிப் பேசத் தயங்கியவர்களும் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஓய்வுபெற்ற நீதியரசர் குளோரியா எப்ஸ்ரீன் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, 151 பரிந்துரைகளுடன் இதையெல்லாம் ஆராய்ந்தது. சொன்னவர்களின் சொல் உரியவாறு ஏற்கப்படவில்லை என்பதும், சொல்லாதவர்கள் குடிவரவு நிலை பற்றிய அச்சத்தால் சொல்லவில்லை என்பதும் அதிலிருந்து விளங்குகின்றன. ஆகவே பொலிஸார் எம்மையும் நாம் பொலிஸாரையும் குறைசொல்லி முடித்துக்கொள்ளும் விடயமன்று இது.

அச்சம் வெறும் கற்பனையா? இல்லை. பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் தகுந்த காரணமின்றிக் குடிவரவு நிலையைக் கேட்கலாகாது என்ற கொள்கையை ரொறன்ரோ பொலிஸ் சேவைகள் சபை 2006இல் ஏற்றது. ஆயினும் 2014-15 காலப்பகுதியில் எட்டு மாதங்களில் ரொறன்ரோ பொலிஸிலிருந்து எல்லைச் சேவை முகவரகத்துக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் சென்றதாக ஓர் அறிக்கை வெளிப்படுத்தியது. கொள்கை ஏட்டில் ஒன்று, வீதியில் மற்றொன்று. கோரிக்கை நிராகரிக்கப்பட்டு நிற்கும் ஒருவரிடம் "பயப்படாமல் போய்ச் சொல்லும் தம்பி" என்று கடதாசி கையிலுள்ள நாம் சொல்வது எமக்குச் செலவில்லாத வீரம்.

காலம் மாறியிருக்கின்றது என்பதும் உண்மை. 2019 ஒக்டோபரில் பீல் பிராந்தியப் பொலிஸின் அதிபராக நிஷான் துரையப்பா பதவியேற்றார். 2025 மே மாதத்தில் கரி ஆனந்தசங்கரி கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அரச கனடியப் பொலிஸும் எல்லைச் சேவை முகவரகமும் அந்த அமைச்சின் கீழ் வருபவை. எம்மவர் மேசைகளில் அன்று இனிப்புப் பரிமாறப்பட்டது. அடுத்த மாதமே அவர் கொண்டுவந்த எல்லைச் சட்டமூலம், நாட்டுக்குள் வந்து ஓராண்டு கழிந்தபின் கோரிக்கை வைப்பவர்களை அகதிச் சபைக்கு அனுப்பாமல் விட முன்மொழிந்தது. இனிப்பு உண்ட மேசைகளில் அதைப் பற்றிக் கதைத்தவர்கள் எத்தனை பேர்? பெயர் எமது பெயராக இருப்பதால் மட்டும் கதவு எமக்குத் திறந்துவிடாது. நாம் கேட்க வேண்டியது, 2006இன் கொள்கை உண்மையில் நடைமுறையில் உள்ளதா என்பதை ஆண்டுதோறும் எண்ணிக்கையுடன் வெளியிட வேண்டும் என்பதே. அதைக் கேட்க வேண்டியவர்கள் குடியுரிமை பெற்று வாக்களிப்பவர்கள். கடதாசி இல்லாதவர்கள் கேட்க முடியாது.

அதுவரை கையிலுள்ள வழிகளைச் சொல்லி வைக்கின்றோம். கண்டதைச் சொல்ல விரும்பி, பெயர் கொடுக்க அஞ்சுபவர்களுக்குக் "கிரைம் ஸ்ரொப்பர்ஸ்" உண்டு. 416-222-8477 என்ற இலக்கத்தில் பெயர் கேட்கமாட்டார்கள், அழைப்பவரின் இலக்கமும் அவர்களுக்குத் தெரியாது. அவசரத்தில் 911ஐ அழைத்தால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் காத்திருக்கலாம், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரமற்ற விடயங்களுக்கு ரொறன்ரோ பொலிஸின் இலக்கம் 416-808-2222.

இன்னொன்றும் உண்டு. ஒருவரைக் காணவில்லை என்று அறிவிக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எம்மவர் பலர் நம்புகின்றனர். அப்படி எந்த விதியும் இல்லை. அறிவிப்பவர் உறவினராக இருக்க வேண்டியதுமில்லை. ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர், ஒரே சமையலறையில் பாத்திரம் கழுவியவர், இரண்டு வாரமாகக் கடைக்கு வராததைக் கவனித்த கடைக்காரர் என எவரும் அறிவிக்கலாம்.