மருத்துவரான பிறகும் தொடரும் படிப்பு



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வீட்டிற்கு வந்திருந்தாள். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு ஏ பெற்றவள். ரஷ்யாவில் ஆறாண்டு மருத்துவம் பயின்று, இங்கே ஈராண்டு பயிற்சி மருத்துவர் பணியையும் முடித்து, ஒப்பந்த மருத்துவராக இருக்கிறாள்.

“உள்மருத்துவத்தில் நிபுணராக வேண்டும், ஐயா. இங்கிலாந்து போகலாம் என்றிருக்கிறேன். இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை” என்றாள்.

தாயார் உடனே, “டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சே, இன்னும் என்ன பரீட்சை, சார்?” என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. அவள் ரஷ்யாவுக்குப் புறப்பட்டபோது பள்ளி மேடையில் மாலை அணிவித்து, ஆறே ஆண்டில் குறிக்கோள் கைகூடும் என்று முழங்கியவன் நான்தான். அவள் தந்தையாரின் சேமநிதிப் பணம் பெரும்பாலும் அந்த ஆறு ஆண்டுகளிலேயே கரைந்துவிட்டது.

உண்மை நிலையை அவளே விளக்கினாள். வெளிநாட்டில் பட்டம் பெற்ற மருத்துவர் இங்கிலாந்தில் பதிவு பெற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதோடு பிளாப் என்னும் இரு பகுதித் தேர்விலும் தேற வேண்டும். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் நகருக்கே போயாக வேண்டும். பிளாப்புக்கு மாற்றாக எம்.ஆர்.சி.பி. தேர்வின் மூன்று கட்டங்களையும் முடித்தும் பதிவு பெறலாம். ஆனால், பதிவு வேறு. நிபுணத்துவப் பயிற்சிக்கான இடம் வேறு. 2025ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வெளியான அந்நாட்டரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், அங்கேயே படித்தவர்களுக்கும் அங்குக் கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று அறிவித்துவிட்டது. இதை நான் குறைகூற மாட்டேன். நம் நாட்டில் நம் பிள்ளைகளுக்கே முதலிடம் வேண்டும் என்றுதானே நாமும் கேட்கிறோம்? இடம் கிடைக்காதோர் பயிற்சிக் கணக்கில் சேராத பணிகளில் ஆண்டுகளைக் கழிக்கின்றனர்.

இங்கேயே இருந்துவிட்டால் எளிதா என்றால், அதுவும் இல்லை. 2016 டிசம்பரில் ஒப்பந்த முறை வந்தது முதல் நிரந்தரப் பணி உறுதியில்லை. உள்நாட்டுப் பல்கலைக்கழக இடங்களுக்குப் போட்டி மிகுதி. வெளிநாட்டுக் கல்லூரிகளின் தேர்வை இங்கிருந்தே எழுதும் இணைவழியிலும் சிக்கல் எழுந்தது. எடின்பரோ கல்லூரியின் தகுதி பெற்ற இதய அறுவை மருத்துவர்களை நிபுணர்களாகப் பதிவதில் தொடங்கிய பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. 2024 ஜூலையில் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்த நேர்ந்தது.

மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பல்கலைக்கழகம் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு நம் விசாரணை நின்றுவிடுகிறது. அந்தப் பட்டத்தோடு முப்பது வயதில் பிள்ளை எந்த நாட்டில், எந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று முகவரும் சொல்வதில்லை. ஆசிரியராகிய நாமும் கேட்பதில்லை. கையிருப்பு முழுவதையும் முதல் பட்டத்திற்கே கொட்டிவிட்டால், பிறகு வரும் தேர்வுக் கட்டணங்களுக்கும் பயணச் செலவுக்கும் அந்த இளம் மருத்துவர் என்ன செய்வார்?

அடுத்த மாதம் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பேச அழைத்திருக்கிறேன். தாயாரையும் உடன் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.