மாத்திரையும் வேணும், கேட்கிற காதும் வேணும்

சுவரொட்டி ஒட்டவென்றால் பசைவாளியோடு முதல் ஆளாக நிற்கும் தோழர் அவர். கூட்டங்களுக்கு வருவது நின்றது. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. நாம் என்ன சொன்னோம்? ‘களத்துக்கு வாங்க தோழர், எல்லாம் சரியாப் போயிடும்’ என்றோம். முதுகுக்குப் பின்னால், ‘ஆள் பின்வாங்கிட்டான்’ என்றும் பேசினோம். ஒடுக்குமுறை ஒழிந்தால் மனச்சோர்வும் ஒழியும் என்று தத்துவம் வேறு. அதுவரைக்கும் அந்த மனுசன் உசுரோட இருக்கணுமே!

பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூணு நிமிசம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதினார். ‘ஒண்ணும் கேக்கல, வாய்தான் வறளுது’ என்று ஐந்தே நாளில் தோழர் தூக்கிப் போட்டுவிட்டார். அந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம், மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக்கூடாது. இதைச் சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும்?

அடுத்து ஒரு ஆலோசகர். வேலையிடத்தில் தனக்கு மட்டும் தனி டம்ளர் வைத்ததைத் தோழர் சொல்லத் தொடங்கினார். ‘இந்தக் காலத்துல யாருங்க சாதி பாக்குறா? நீங்கதான் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கீங்க’ என்று பதில் வந்தது. காயத்தைக் காட்டப் போனவனிடம் காயமே உன் கற்பனை என்றால் அவன் திரும்ப வருவானா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதிப் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. சாதி என்ற சொல்லையே கேட்க மறுக்கும் காதும் பாகுபாடுதான் என்கிறோம் நாம்.

நல்ல காது பட்டணத்தில், காசுள்ளவனுக்குத்தான் என்பதில்லை. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் லான்செட் இதழில் அச்சானது. ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சனங்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்பு. குளிக்கிறது, சந்தைக்குப் போறது, கூட்டாளியைப் பார்க்கிறது என்று விட்டுப்போன காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். பஞ்சமி நிலத்துக்கு எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்! நம்ம பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடு என்று ஒரு மனு கொடுத்ததுண்டா?

தோழருக்கு மூன்றாவதாக ஒருத்தர் கிடைத்தார், அரசு மருத்துவமனையில். பேசவிட்டார். மாத்திரையை மாற்றினார். டம்ளர் கதையை முழுசாகக் கேட்டார். ராத்திரியில் மனசு நெருக்கினால் 14416க்குப் பேசச் சொன்னார். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இப்போதும் தோழர் அவரிடம்தான் போய் வருகிறார். ஒவ்வொரு முறையும் நம்மில் ஒருத்தர் கூடவே பஸ் ஏறுகிறோம்.