பல்லின் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மருமகள் எழுதியிருந்தாள். "எட்டு மாசக் குழந்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், தண்ணியா போகுது. என்ன செய்யலாம்?" பதில்கள் மளமளவென்று வந்தன. "பல்லு முளைக்குது, பயப்படாதே." "அது பல்லு பேதி, தானா நிக்கும்." "வசம்பு உரசிக் கொடு." "ஈறுல தேன் தடவு." பதினொரு பேர் எழுதியிருந்தீர்கள். டாக்டரிடம் போ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் போன் போட்டு, "இப்பவே கிளம்பும்மா" என்றேன்.

உங்களைத் திட்டும் முன் என்னைத் திட்டிக்கொள்கிறேன். 1987இல் என் இளையவனுக்கு ஏழு மாதம். இதே பேதி. என் மாமியார் "பல்லு முளைக்குதுடி" என்றார். நானும் நம்பி மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அவன் அழக்கூட இல்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தடுமாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், உடம்பில் நீர் குறைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். பாடம் வகுப்பறையோடு நின்றுவிட்டது.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். "விதை மண்ணைப் பிளப்பது போல, பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும்" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது சரியில்லை. பல் மேலே வர வர, அதற்கு மேலிருக்கும் எலும்பு தானாகக் கரைந்து வழிவிடுகிறது. பல்லைப் போர்த்தியிருக்கும் மெல்லிய திசுவும் ஈறின் மேல்தோலும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தின் நடுவில் உள்ள செல்கள் அழிந்து வாசல் திறக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் ஒரு சொட்டு ரத்தம்கூட வருவதில்லை. பிறகு அதே ஈறு பல்லின் கழுத்தைச் சுற்றிக் காலர் மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

இந்த நேரத்தில் ஈறு கொஞ்சம் வீங்கலாம், சிவக்கலாம். குழந்தை எச்சில் வடிக்கும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், சிணுங்கும். உடம்பு லேசாக வெதுவெதுப்பாகலாம். சில குழந்தைகளுக்குப் பல் வரும் இடத்தில் நீலமாக ஒரு கொப்புளம் தெரியும். பயப்படவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். பல் வெளியே வந்ததும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஈறு செய்வது இவ்வளவுதான். 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சலும் தண்ணீராய்ப் போகும் பேதியும் ஈறின் வேலை இல்லை.

"அப்புறம் ஏன் டீச்சர் ரெண்டும் சேர்ந்தே வருது?" என்று கேட்பீர்கள். முதல் பல் ஆறு மாத வாக்கில் வருகிறது. தாயிடமிருந்து பிறக்கும்போதே கொண்டுவந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதும் அப்போதுதான். திட உணவு ஆரம்பிப்பதும், தவழ்ந்து போய் தரையில் கிடப்பதை வாயில் வைப்பதும் அப்போதுதான். கிருமி வந்த நேரத்தில் பல்லும் வந்தது, அவ்வளவே. இருபது பால் பற்களும் முளைத்து முடிய இரண்டரை, மூன்று வயதாகும். அதுவரை வரும் எல்லா நோய்க்கும் பல்லையே காரணம் சொல்வீர்களா?

"எங்க பாட்டி காலத்துல..." என்று ஆரம்பிக்காதீர்கள். பாட்டி காலத்தில் பேதியில் போன குழந்தைகள் எத்தனை என்று அந்தப் பாட்டியையே கேட்டிருக்க வேண்டும். வெள்ளைக்காரனும் இதில் நம்மைவிடப் புத்திசாலி இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறப்புக்குக் காரணம் "பல் முளைத்தல்" என்றே பதிவு செய்தார்கள். டாக்டர்களே ஈறைக் கத்தியால் கீறினார்கள். பல் முளைக்கும் குழந்தைக்கென்று விற்ற பொடியில் பாதரசம் இருந்தது. 1950களில் அந்தப் பொடியை நிறுத்திய பிறகுதான், கைகால் சிவந்து தோல் உரியும் ஒரு கொடிய நோய் மறைந்தது.

இன்று பொடிக்குப் பதில் மரத்துப்போகும் ஜெல். பென்சோகைன் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் கண்டிப்பாகச் சொன்னது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடலாம். ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும்.

ஈறு உறுத்தினால் கையை நன்றாகக் கழுவி விரலால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுங்கள். போதும்.

பேதி என்றால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்த சாதாரண டீச்சர். மூன்று நாள் காத்திருந்த அம்மா. அந்த உரிமையில்தான் சொல்கிறேன். தம்பி பேரன் இப்போது நன்றாக இருக்கிறான். பல் இன்னும் ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்தப் பதினொரு பேரும் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்