நமக்குப் பின் யார் பொறுப்பு?



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்கச் சடங்கிற்கு நாம் சென்றிருந்தோம். சாலை விபத்தில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் மறைந்திருந்தனர். எட்டு வயதுச் சிறுமியும் ஐந்து வயதுத் தம்பியும் கல்லறையருகே நின்றனர். மண் உலருமுன்னே பேச்சுத் தொடங்கிவிட்டது. பெண்ணைச் சித்தப்பா அழைத்துச் செல்வதென்றும், பையனைத் தாய்மாமன் வளர்ப்பதென்றும் முடிவாயிற்று. இரு தரப்பாரும் நல்லவர்களே. அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும், பெற்றோரின் விருப்பம் இன்னதென்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் அவ்வீட்டில் இல்லை. தம்பியின் கையை விடாது பற்றியிருந்த அச்சிறுமியை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று அவ்விருவரும் இரு வேறு ஊர்களில் வளர்கின்றனர். கிறிஸ்து பிறப்பு விழாவில் மட்டும் சந்திக்கின்றனர்.

சாவைப் பற்றிப் பேசுவது நல்லதன்று என்பர் நம்மவர். ஆனால் நாள்தோறும் செபமாலையில் நமது மரண வேளையை நினைவுகூருகின்றவர்கள் நாம். அவ்வேளைக்குப் பின் நம் மக்களுக்கு என்ன நேரும் என்று எண்ணிப்பார்க்க மட்டும் தயங்கலாமா?

"ஞானத் தாயும் ஞானத் தந்தையும் இருக்கிறார்களே" என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. குழந்தையை விசுவாச வாழ்வில் வளர்க்கத் துணைநிற்பதே அவர்களது பொறுப்பு. அதனால் மட்டும் நாட்டின் சட்டத்தின்முன் அவர்கள் காப்பாளர் ஆகிவிடமாட்டார்கள்.

அவ்வாறெனில் சட்டம் என்ன சொல்கிறது? கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன் 60-ஆம் பிரிவின்படி, தந்தை தம் உயிலின் வழியாக, பதினெட்டு வயது நிரம்பாத தம் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்கலாம். தாயைப் பற்றி அப்பிரிவு ஒன்றும் கூறவில்லை. இந்துத் தாய்க்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையை அளித்திருக்க, நம் தாய்மாருக்கு அது இல்லாதிருப்பது குறையே. எனினும் தாயின் எழுத்து வீணாவதில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி காப்பாளரை நியமிக்கும் நீதிமன்றம், குழந்தையின் நலனையே முதலில் நோக்கும். குழந்தையின் வயது, சமயம், காப்பாளராக வர விரும்புபவரின் குணம், உறவின் நெருக்கம் ஆகியவற்றோடு, இறந்துபோன பெற்றோரின் விருப்பத்தையும் அது கருத்திற்கொள்ளும். விவரமறிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். ஆகவே கைம்பெண்ணாகிய தாய் தன் விருப்பத்தைக் கட்டாயம் எழுதி வைக்கவேண்டும்.

உயில் எழுதுவது பெருங்காரியமன்று. முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை, ஆயினும் பதிவு செய்வது பிற்காலச் சச்சரவைக் குறைக்கும். எழுதியவர் கையொப்பமிட, சாட்சிகள் இருவர் கையொப்பமிடவேண்டும். உயிலால் சொத்துப் பெறுபவரையோ, அவருடைய கணவனையோ மனைவியையோ சாட்சியாக வைக்கவேண்டாம். வைத்தால் அவருக்கு எழுதிய சொத்து அவருக்குச் சேராது. இன்னொன்றையும் பலர் அறியார்: உயில் எழுதியபின் ஒருவர் திருமணம் செய்தால், அந்த உயில் அத்துடன் செல்லாததாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் புரியும் தந்தையர் புதிதாக எழுதவேண்டும்.

யாரைக் குறிப்பிடுவது? செல்வரை அன்று, பிள்ளைகளை நேசிப்பவரைத் தேடுங்கள். முதலில் அவரது சம்மதத்தைக் கேளுங்கள். தள்ளாத வயதுடைய பாட்டனாரை மட்டும் நம்பாமல், அவரால் இயலாதபோது பொறுப்பேற்க மற்றொருவரையும் எழுதுங்கள். உடன்பிறந்தாரைப் பிரிக்கலாகாது என்பது உங்கள் விருப்பமாயின் அதனையும் தெளிவாக எழுதுங்கள். ஆயுள் காப்பீட்டில் சிறு குழந்தையை நியமனதாரராக எழுதியிருப்போர், பணத்தைப் பெற்றுக்கொள்ள வயதுவந்த ஒருவரின் பெயரையும் கொடுத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளவும்.

உயில் இல்லாவிடினும் வழி அடைபட்டுவிடுவதில்லை. உறவினரோ நண்பரோ குழந்தை வாழும் இடத்து நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அவ்வாறு நியமிக்கப்பட்ட காப்பாளர், நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையின் வீட்டையோ நிலத்தையோ விற்கவும் அடகுவைக்கவும் முடியாது. ஆனால் அதுவரை கழியும் நாட்களில் ஒரு குழந்தையின் மனம் படும் பாட்டை எந்த நீதிமன்றம் அளக்கும்?

நம் ஆண்டவர் சிலுவையில் உயிர்விடும் வேளையிலும் தம் தாயைத் தம் அன்புச் சீடரிடம் ஒப்படைக்க மறக்கவில்லை. இன்றிரவு செபமாலை முடிந்து பிள்ளைகள் உறங்கியபின், கணவனும் மனைவியுமாக அமர்ந்து ஒரே ஒரு பெயரைப் பற்றிப் பேசுங்கள். அடுத்த வாரம் வழக்கறிஞர் ஒருவரைக் கண்டு அதனை எழுத்தில் வடியுங்கள். பின்பு, அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று அப்பெயருக்குரியவரிடம் சொல்லி வையுங்கள்.